ஃபேஸ்லிஃப்டுக்குப் பின் லேசரும் ஊசியும்: எங்கள் நிலைப்பாடு

அறுபதைத் தாண்டியவர் முகத்தைச் சீர்செய்துகொள்வதில் கர்நாடகத்தின் பேத்தமங்களாவிலுள்ள எங்கள் முதியோர் சங்கத்துக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. “இந்த வயசுல எதுக்கு?” என்று கேட்பவர்கள் தலைக்கு டை அடிப்பவரிடம் அதைக் கேட்பதில்லை. ஃபேஸ்லிஃப்ட் அறுவைக்குப் பிறகு செய்யும் லேசர், பீல் (ரசாயனத்தால் மேல்தோலை உரிப்பது), ஃபில்லர் (பள்ளம், சுருக்கத்தை நிரப்பும் ஊசி) ஆகியவற்றில் காட்டும் அவசரத்தைத்தான் எதிர்க்கிறோம்.

ஃபேஸ்லிஃப்ட் தொங்கும் சதையை இழுத்துக் கட்டும். தோலிலுள்ள கரும்புள்ளி, மெல்லிய கோடு, சொரசொரப்பு அப்படியே இருக்கும். ஆகவே அடுத்த சிகிச்சை வேண்டும் என்று நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அறுவையின்போது தோலை அடித்தளத்திலிருந்து பிரித்துத் தூக்குகிறார்கள். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தேறுவதற்குள் ஆழமான லேசரோ வீரியமான பீலோ செய்தால் தோல் கருகிச் செத்துப்போகலாம். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆபத்து கூடுதல். எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று அறுவை செய்த டாக்டர் எழுதித் தராமல் எதையும் தொடங்கக் கூடாது.

நம் மாநிறத் தோலுக்குச் சூடு பட்டால் கருமை படிந்து மாதக்கணக்கில் நிற்கும். முதலில் சிறு இடத்தில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வளர்கிற, ரத்தம் கசிகிற மச்சத்தை லேசரால் சுடவே கூடாது. அது புற்றுநோயா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும், தாமாக நிறுத்தவும் கூடாது.

ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகும். அபூர்வமாகப் பார்வையே போகும். ஹையலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஹையலுரானிடேஸ் ஊசி கைவசம் இல்லாத இடத்தில் உட்காராதீர்கள். பியூட்டி பார்லர் இதற்கான இடமே அல்ல. யூடியூப் பார்த்துக் கற்பது அழகியல் சிகிச்சைக்குப் பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் டாக்டர்களுக்கே சொன்னது. அப்படியிருக்க, டாக்டரே இல்லாத இடத்தை என்ன சொல்ல? மருந்துக் கடையில் சீட்டில்லாமல் தரும் ஸ்டீராய்டு கிரீமும் வேண்டாம், தோலை மெலியவைக்கும். வெயில் தடுப்புக் கிரீமையும் குடையையும் விட்டுவிட்டு லேசருக்குச் செலவழிப்பது வீண்.

கோலார் தங்கச் சுரங்கம் 2001இல் மூடியபின் தங்கவயல் வட்டாரத்து முதியோர் பலர் பிள்ளைகளின் சம்பாத்தியத்தை நம்பி இருக்கிறார்கள். ஆகவே ஆறு தடவை சிகிச்சைக்கும் சேர்த்து முன்பணம் கேட்கும் பேக்கேஜில் கையெழுத்திட வேண்டாம். வெறும் அழகுக்கான சிகிச்சைக்கு ஜிஎஸ்டியும் உண்டு, ரசீது வாங்குங்கள். கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம், 2007இன்படி பதிவுச் சான்றையும் கட்டணத்தையும் கிளினிக்கில் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும்.

கிளினிக்குகளிடம் ஒரு கோரிக்கை: ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருந்தால், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு வாய்விட்டுப் படித்து விளக்கிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். பாதிக்கப்பட்டவர்கள் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குறைதீர் அமைப்பிடம் முறையிடலாம். எழுத வராதவர்களுக்கு மனுவைக் கன்னடத்தில் எழுதித் தரச் சங்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.