கடல் கொண்ட 29 பேருக்கு ஒரு கல்!

பெசன்ட் நகர் கடற்கரைக்குச் செல்லும் தோழர்கள் அங்கே நிற்கும் வெள்ளை மண்டபத்தைப் பார்த்திருப்பார்கள். அது யாருக்காக எழுந்தது? கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டு மாலுமிக்காக! 1930 டிசம்பரில், கடலில் தத்தளித்தோரைக் காக்கப் போய்த் தன் உயிரைக் கொடுத்தவன் அவன். நம் மொழி பேசாதவன். நம் மண்ணில் பிறவாதவன். ஆயினும் அவனுக்குச் சின்னம் எழுப்பினார்கள். நன்று, மிக நன்று!

அதே வங்கக் கடல் கொண்டுபோன 29 பேரை நாடு நினைக்கிறதா என்று கேட்கிறோம்.

2016 ஜூலை 22 காலை, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து அந்தமானின் போர்ட் பிளேர் நோக்கிக் கிளம்பியது ஏஎன்-32 விமானம். போய்ச் சேரவில்லை. அதிலிருந்த 29 பேரில் 6 பேர் விமானத்தை இயக்கிய குழுவினர். 8 பேர் படைவீரரே அல்லர். விசாகப்பட்டினம் கடற்படைப் படைக்கலக் கிடங்கின் ஊழியர்கள். உழைத்துப் பிழைப்போர், நம்மவர்!

கப்பல்கள் தேடின, விமானங்கள் தேடின. செப்டம்பரில், இறந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. 7 ஆண்டுகள் கடந்தபின், பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி, 3,400 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் சிதைவுகளைப் படமெடுத்தது. 2024 ஜனவரியில் அரசு அதை அறிவித்தது. விடை கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. பெற்ற தாய் எந்த இடத்தில் நின்று அழுவாள்?

"போரில் சாகவில்லையே!" என்பார் உண்டு. போரில் செத்தால்தான் தியாகமா? 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில், பயிற்சிக்குப் பறந்த கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் நொறுங்கி மூவர் மாண்டனர். எதிரி சுடவில்லை, ஆனாலும் போனது உயிர்தானே! பயிற்சியின்றிப் படை ஏது? கிடங்குத் தொழிலாளியின்றிப் பீரங்கி ஏது?

நடுகல் தமிழனுக்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மாண்ட வீரனுக்கு 7ஆம் நூற்றாண்டில் நாட்டிய கல்லில், கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாயின் உழைப்பையும் மறவாத மரபு, மனிதரை மறக்கலாமா?

எனவே கேட்கிறோம்: மத்திய அரசும் மாநில அரசும் மாநகராட்சியும் கூடி, சென்னைக் கடற்கரையில் ஒரு கல் நாட்டுக! தளத்தின் வேலிக்குள் அன்று. மக்கள் நடமாடும் மணலில்! அதிகாரிக்குப் பெரிய எழுத்து, ஊழியருக்கு 'மற்றும் பலர்' என்ற வழக்கம் வேண்டாம். 29 பெயர்களும் ஒரே அளவில், ஒரே வரிசையில் இருக்கட்டும். விமானியின் பெயருக்குப் பக்கத்தில் தொழிலாளியின் பெயர் நிற்கட்டும்!

மயிலை, தியாகராய நகர், அடையாறு வட்டத் தோழர்களே! ஜூலை 22 வரும்போது, ஒரு பிடி மலரோடு கடற்கரையில் கூடுங்கள். பெரும் செலவல்ல நாம் கேட்பது. ஒரே ஒரு கல். பெறும்வரை கேட்போம்!