சவுலின் கவசமும் நம் பிள்ளைகளும்



கோலியாத்தை எதிர்கொள்ளப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் தன்னுடைய கவசத்தையே அணிவித்தான். அதில் தீய எண்ணம் ஏதுமில்லை. தன்னிடமிருந்த சிறந்ததையே கொடுத்தான். ஆயினும் அணிந்து நடந்து பார்த்த தாவீது அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஆடு மேய்த்த நாட்களில் கைக்குப் பழகிய கவணை எடுத்துச் சென்றான். சவுல் அவனைத் தடுத்ததாக வேதம் கூறவில்லை.

பிள்ளைகளுக்கு விளையாட்டைத் தெரிந்தெடுக்கும் காரியத்தில் நாமும் சவுலைப் போலவே நல்லெண்ணத்தோடு கவசம் மாட்டுகிறோம். தந்தை கிரிக்கெட் ஆடியவரென்றால் மகனும் மட்டையைப் பிடிக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பெண் இறகுப்பந்தில் கோப்பை வாங்கினால் நம் மகளும் மறுநாளே பயிற்சியில் சேர வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளையின் விருப்பம் கடைசியாகக் கேட்கப்படுகிறது. சில இல்லங்களில் கேட்கப்படுவதே இல்லை.

டென்னிஸில் 8 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றவர் ஆந்த்ரே அகாசி. சிறுவயதில் அவருடைய தந்தை அவரைப் பந்து வீசும் இயந்திரத்தின் முன் நிறுத்திப் பயிற்றுவித்தார். 2009-இல் வெளியான தன்வரலாற்று நூலில், தாம் டென்னிஸை வெறுத்ததாக அகாசி எழுதினார். அவருக்குப் பட்டங்களாவது கிடைத்தன. அத்தகைய திறமை வாய்க்காத பிள்ளைக்குப் பட்டமும் இல்லாமல், ஆடும் மகிழ்ச்சியும் இல்லாமல் போய்விடும்.

“நெருக்கினால்தானே சாதிப்பார்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். நார்வே நாட்டைப் பாருங்கள். சிறுவர் விளையாட்டுக்காக அங்கே 2007-இல் ஏற்கப்பட்ட விதிகள், 11 வயதை எட்டாத பிள்ளைகளுக்குத் தரவரிசைப் பட்டியல் வேண்டாம் என்றன. எந்த விளையாட்டை ஆடுவது என்று தீர்மானிப்பதில் பிள்ளைக்கும் உரிமை தந்தன. ஏறத்தாழ 55 லட்சம் மக்களே வாழும் அந்நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்று முதலிடம் பெற்றது. பனியும் செல்வமும் அவர்களுக்குத் துணை நின்றன என்பது மெய். ஆனாலும், சிறுவயதில் நெருக்காததால் அவர்கள் பின்தங்கிவிடவில்லை.

ஆகவே, தீர்மானிக்குமுன் கவனியுங்கள். யாரும் சொல்லாமலே உங்கள் பிள்ளை எதை நாடுகிறது? கூட்டத்தோடு ஆடுவதில் மகிழ்கிறதா, தனித்து ஓடுவதிலும் நீந்துவதிலும் நிறைவு காண்கிறதா? பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடமும் கேளுங்கள். நாம் காணாததை அவர் கண்டிருக்கக்கூடும். வாலிபால் ஆடிக்கொண்டிருந்த சேலம் மாவட்டச் சிறுவன் மாரியப்பனை உயரம் தாண்டும்படி ஊக்குவித்தவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியரே. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கம் வென்றார்.

ஒரு பயிற்சியில் சேர்த்தால் சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பின்னும் மனம் ஒட்டவில்லையென்றால், கட்டிய கட்டணத்தைச் சொல்லிக்காட்டாமல் விலக அனுமதியுங்கள். அது சோம்பலாகுமே என்று அஞ்ச வேண்டாம். சோம்பல் எல்லாவற்றிலிருந்தும் விலகும். பொருந்தாமையால் விலகும் பிள்ளையோ வேறொன்றைத் தேடும்.

போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் முதலில் என்ன கேட்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். “எத்தனை புள்ளி?” என்பதே எப்போதும் முதற்கேள்வியானால், பெற்றோரின் அன்பும் அந்தப் புள்ளிகளைப் பொறுத்ததே என்று பிள்ளை நம்பத் தொடங்கும். அந்த நம்பிக்கை வேரூன்றினால், பின்னாளில் தேர்விலோ வேலையிலோ தோற்கும்போதும் அது நம்மிடம் வரத் தயங்கும். ஒரு கோப்பைக்காக நாம் கொடுக்கக்கூடாத விலை அது.

இந்த வாரம் ஒரு மாலைவேளையில் பிள்ளையோடு மைதானத்திற்குச் செல்லுங்கள். எதை ஆட வேண்டும் என்று சொல்லாதீர்கள். அது தானாக எதை நோக்கி ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள்.