சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுக்காரர் யார்?

வெள்ளிக்கிழமை இரவு சென்னையில் விமானம் ஏறினால், சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரில் காபி குடிக்கலாம். பயணம் சுமார் 4 மணி நேரம்தான். சனி, ஞாயிறு 2 நாளும் ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர்.

அவர்கள் தவறாமல் போகும் இடம், சவுத் பிரிட்ஜ் ரோடு. அது சீனர்களின் வட்டாரம். அங்கே ஒரு மாரியம்மன் கோவில்! 1827-ல் நாராயண பிள்ளை தோற்றுவித்தது. நாலு எட்டு வைத்தால், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசல். கோவில் ஓரத்துத் தெருவின் பெயர் பகோடா தெரு. இந்தப் பகோடா, தின்பது அல்ல. கோபுரம்!

பசி எடுத்தால் உணவங்காடி இருக்கிறது. சீனரின் மீ, மலாய்க்காரரின் நாசி லெமாக், தமிழரின் தோசை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். இந்த அங்காடிப் பழக்கத்தை யுனெஸ்கோ 2020-ல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

"ஆகா, என்ன ஒற்றுமை!" என்று வியந்தபடி பயணிகள் ஊர் திரும்புகிறார்கள். ஆனால், அது தானாக முளைத்த பயிர் அல்ல.

36 பேர் பலி

1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. 36 பேர் மாண்டனர். அதற்கு அடுத்த ஆண்டுதான் சிங்கப்பூர் தனி நாடு ஆனது.

அரசாங்கம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி மக்களைக் குடியேற்றியது. இன்று 10 பேரில் ஏறக்குறைய 8 பேர் வசிப்பது இந்த வீடுகளில்தான். ஆனால் நாளடைவில், ஒவ்வொரு இனத்தாரும் தங்கள் இனத்தார் இருக்கும் பக்கமாக வீடு தேடிப் போனார்கள். பழையபடி தனித்தனிச் சேரிகள் உண்டாகிவிடுமோ என்று அரசாங்கம் அஞ்சியது. 1989-ல் ஒரு விதி வந்தது.

ஒரு கட்டிடத்தில் இன்ன இனத்தார் இவ்வளவுதான் இருக்கலாம். சீனர் 87 சதவீதம். மலாய்க்காரர் 25 சதவீதம். இந்தியரும் மற்றவரும் 15 சதவீதம். இவை உச்ச வரம்புகள். எந்த இனமும் இந்த அளவைத் தாண்டக்கூடாது.

விற்க முடியாத வீடு

விதி நல்லதுதான். ஆனால், அதன் சுமை எல்லார் தலையிலும் ஒரே அளவாக இறங்கவில்லை.

ஒரு கட்டிடத்தில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் தமிழர் வீட்டை விற்க நினைக்கிறார். சீனருக்கு விற்க அனுமதி இல்லை. ஊரில் நாலில் மூன்று பேர் சீனர்! மிச்சம் இருப்பவர்களில் ஆள் தேட வேண்டும். மாதங்கள் ஓடுகின்றன. விலையைக் குறைக்க வேண்டியதாகிறது. பிள்ளையின் படிப்புக்கோ வயோதிக காலத்துக்கோ அந்தப் பணத்தை நம்பியிருந்தவர் என்ன செய்வார்?

இந்தக் குறையை அரசாங்கமும் ஒப்புக்கொண்டது. இப்படிச் சிக்கிக்கொண்டவர்களின் வீட்டைத் தானே வாங்கிக்கொள்ளும் திட்டத்தை 2022-ல் கொண்டுவந்தது. விதியை எடுக்கவில்லை.

ஞாயிறு மாலை, சிராங்கூன் ரோட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கூட்டம் நிரம்பி வழியும். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், மளிகை வாங்குவார்கள், புல்தரையில் உட்கார்ந்து பேசுவார்கள். அந்த உயரமான வீடுகள் பலவற்றைக் கட்டியது இத்தகைய கைகள். இவர்களில் பெரும்பாலோர் தங்குவது ஊர் ஓரத்து விடுதிகளில். 87, 25, 15 என்ற கணக்கில் இவர்கள் இல்லை. இருட்டியதும் விடுதிக்குப் போகும் பஸ்சுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.