கட்டடம் சுத்தம் செய்தவர் டு உலகக் கோப்பை: சவூதியைக் கரை சேர்த்த ஹெர்வே ரெனார்ட் யார்?

2026 உலகக் கோப்பைக்கு சவூதி அரேபியா தகுதி பெற்றுவிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று ஜெட்டாவில் ஈராக்குடன் 0-0 டிரா. புள்ளியும் சமம், கோல் வித்தியாசமும் சமம். அதிக கோல் அடித்த கணக்கில்தான் சவூதி தப்பியது. அப்போது அணியின் பயிற்சியாளராக இருந்தவர், வெள்ளைச் சட்டைக்குப் பேர்போன பிரான்ஸ்காரர் ஹெர்வே ரெனார்ட்.

யார் இவர்?

பிரான்ஸின் கான் கிளப்பில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். வீரராகப் பெரிய பெயர் எடுக்கவில்லை. பிறகு அதிகாலையில் எழுந்து கட்டடங்களைச் சுத்தம் செய்துகொண்டே சிறிய அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். கிளாட் லெ ராய் என்ற மூத்த பயிற்சியாளரின் உதவியாளராகச் சீனா போனதுதான் திருப்பம். அதன்பின் இங்கிலாந்து, வியட்நாம், கானா, அங்கோலா, அல்ஜீரியா என ஊர் ஊராகச் சுற்றினார்.

பெயர் வாங்கித் தந்தது எது?

2012 ஆப்பிரிக்கக் கோப்பை. இறுதிப் போட்டி காபோனின் லிப்ரவில்லில் நடந்தது. 1993இல் ஜாம்பியா அணியின் 18 வீரர்கள் விமான விபத்தில் இறந்தது அந்தக் கடற்கரைக்கு அருகில்தான். ரெனார்டின் வீரர்கள் அங்கே மலர் தூவிவிட்டு ஆடி, ஐவரி கோஸ்ட்டை பெனால்டியில் 8-7 என வீழ்த்தினார்கள். 2015இல் அதே ஐவரி கோஸ்ட்டுக்கே கோப்பையை வென்று கொடுத்தார். இரண்டு நாடுகளுடன் அந்தக் கோப்பையை வென்ற முதல் பயிற்சியாளர் இவர்தான்.

அப்படியென்றால் தோல்வியே இல்லையா?

இருக்கிறது. பிரான்ஸ் கிளப்களில் எடுபடவில்லை. இவர் இருந்தபோது சோஷோ இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. லில் சில மாதங்களிலேயே அனுப்பிவிட்டது. பிரான்ஸ் மகளிர் அணியும் 2023 உலகக் கோப்பை, 2024 ஒலிம்பிக் இரண்டிலும் காலிறுதியைத் தாண்டவில்லை.

கிளப் என்றால் வாரா வாரம் போட்டி, மாதக்கணக்கில் சரிவைத் தாங்க வேண்டும். தேசிய அணிக்குக் கிடைப்பதோ சில நாட்கள். அந்தக் குறுகிய நேரத்தில் வீரர்களுக்கு நம்பிக்கை ஏற்றுவதுதான் ரெனார்டின் பலம். 2022இல் இடைவேளையில் 0-1 எனப் பின்தங்கியிருந்த சவூதி, அவர் போட்ட சத்தத்துக்குப் பிறகு அர்ஜென்டினாவை 2-1 என வென்றதை உலகமே பார்த்தது.

இப்போது என்ன சவால்?

அந்த வெற்றிக்குப் பிறகு போலந்திடமும் மெக்சிகோவிடமும் தோற்று சவூதி வெளியேறியதும் உண்மை. ஒரு நாள் அதிசயம் போதாது, குரூப்பைத் தாண்ட வேண்டும். தகுதிச் சுற்றிலேயே கோல் போடத் திணறிய அணிக்கு அது லேசான காரியமில்லை.