கொலைகாரன் பெயர் தெரிந்தால் என்ன?

துப்பறியும் நாவலைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் எண்ணம் இது: கொலை செய்தது யார் என்று தெரியாதவரைதான் புத்தகத்துக்கு உயிர்; தெரிந்த நிமிடமே அது பழைய பேப்பர். வாடகை நூல் நிலையங்கள் தெருவுக்குத் தெரு இருந்த காலத்தில், முதல் பக்கத்திலேயே பென்சிலால் கொலைகாரன் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகும் புண்ணியவான்கள் இருந்தார்கள். அடுத்து எடுத்தவர் அதைப் பார்த்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கேட்பார். எழுதியவனைத் திட்டாத ஆள் இல்லை. எழுதியவனும் திட்டியவரும் ஒரே கட்சி என்பதைத்தான் யாரும் கவனிக்கவில்லை. இருநூறு பக்கமும் அந்த ஒரு பெயருக்குள் அடக்கம் என்று இருவருமே நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை தப்பு. நான் இந்த வகை நாவல்களை ஆராய்ந்தவன் இல்லை. ரயிலிலும் டாக்டர் வீட்டுப் பெஞ்சிலும் படிக்கிற சாதாரண வாசகன்தான். ஆனாலும் ஒரே துப்பறியும் நாவலை இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் எடுத்துப் படிக்கிறேன். "முடிவுதான் தெரியுமே, இன்னும் எதுக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ராமாயணத்தின் முடிவு தெரிந்தேதான் கம்பனைப் படிக்கிறோம் என்று பதில் சொல்லலாம். அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். இந்த வகை நாவல்களிலிருந்தே பதில் சொல்ல முடியும்.

கேள்வி வீட்டில் இருப்பவர்களுடையது மட்டும் இல்லை. கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் துப்பறியும் கதைப் பைத்தியம். 1948இல் 'ஹார்ப்பர்ஸ்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், இது தனக்குப் புகையிலை, மதுவைப் போன்ற ஒரு பழக்கம் என்று ஒப்புக்கொண்டார். கூடவே, படித்து முடித்ததும் கதை மறந்துவிடுகிறது, திரும்பப் படிக்கும் விருப்பமே வருவதில்லை என்றும் சொன்னார். அதற்கு மூன்று வருஷம் முன்னால், விமர்சகர் எட்மண்ட் வில்சன் 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் இந்த நாவல்களையெல்லாம் வறுத்தெடுத்தார். ராஜர் அக்ராய்டை எவன் கொன்றால் யாருக்கு என்ன என்பதுதான் அவர் கட்டுரையின் தலைப்பே. ஒருவர் காதலர், மற்றவர் எதிரி. ஆனால் 'யார்' என்ற கேள்வியைத் தாண்டி அங்கே தங்கிப் பார்க்க ஒன்றும் இல்லை என்பதில் இருவருக்கும் பேதம் இல்லை.

உண்மையில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அவர்களுக்கு முப்பது வருஷம் முன்பே ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார். ஆஸ்டின் ஃப்ரீமன், தொழிலால் டாக்டர். 1912இல் வெளிவந்த 'தி சிங்கிங் போன்' தொகுப்பில் கதையைத் தலைகீழாக நிறுத்தினார். அதில் ஒரு கதையின் முதல் பாதியில் சைலஸ் ஹிக்லர் என்பவன் வீட்டுக்கு வந்த ஒரு வைர வியாபாரியைக் கொன்று, விபத்து போலத் தெரியட்டும் என்று உடலைத் தண்டவாளத்தில் கிடத்திவிட்டு வருகிறான். வீட்டுக்குள் நுழைந்தால் செத்தவரின் தொப்பி அங்கேயே இருக்கிறது. அதை எரிக்கிறான். எல்லாம் நம் கண்ணெதிரே நடக்கிறது; ஒளிவு மறைவு கிடையாது. இரண்டாம் பாதியில் துப்பறியும் டாக்டர் தார்ண்டைக் தன் சின்ன பச்சைப் பெட்டியும் நுண்நோக்கியுமாக வந்து சேர்கிறார். அவர் குனிந்து எதையாவது பொறுக்கும்போதெல்லாம் நமக்குப் பதறுகிறது. கொலை செய்தது யார் என்று நமக்குத் தெரியும். அவன் எதை விட்டுவிட்டுப் போனான் என்பதுதான் தெரியாது. பிற்பாடு கொலம்போ தொலைக்காட்சித் தொடர் வருஷக்கணக்கில் ஓடியதும் இதே உத்தியில்தான். கொலைகாரனை முதலிலேயே காட்டிவிட்டு, அழுக்கு மழைக்கோட்டு போட்ட அந்தப் போலீஸ் துப்பறிவாளரைப் பிறகுதான் உள்ளே அனுப்புவார்கள்.

ரூத் ரெண்டல் இன்னும் துணிச்சல்காரி. 1977இல் வந்த 'எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்' நாவலின் முதல் வாக்கியத்திலேயே கொன்றவள் பெயர், கொல்லப்பட்ட குடும்பம், கொன்ற காரணம் மூன்றையும் போட்டு உடைத்துவிடுகிறார். கொன்றவள் வீட்டு வேலைக்காரி யூனிஸ். காரணம், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாடகை நூலகத்துப் பென்சில்காரன் செய்த வேலையை ஆசிரியரே செய்து கொடுத்துவிட்டார். அதன் பிறகு என்ன ஆகிறது? எஜமானி மேஜை மேல் வைத்துவிட்டுப் போகும் ஒவ்வொரு துண்டுச் சீட்டும் நம்மைக் கலங்க வைக்கிறது. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது என்று யூனிஸ் சொல்லும் பொய்யும் அப்படித்தான். படித்தவர்கள் நிறைந்த வீட்டில் படிக்காத ஒருத்தி தன் வெட்கத்தை எப்படியெல்லாம் மறைக்கிறாள் என்பதும், அந்த நல்ல மனிதர்களின் கருணையே அவளை எப்படி மூலைக்குத் தள்ளுகிறது என்பதும்தான் கதை. முடிவை மறைத்திருந்தால் நாம் சந்தேகப் பட்டியல் போடுவதில் மும்முரமாகி, அவளைப் பார்க்காமலே போயிருப்போம்.

"இவையெல்லாம் வேண்டுமென்றே தலைகீழாக எழுதியவை, மறைத்து எழுதியதைப் பற்றிப் பேசு" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால் வில்சன் கேலி செய்த அதே அக்ராய்டை எடுத்துக்கொள்கிறேன். முடிவு தெரியவே கூடாது என்று இன்னும் பிடிவாதமாக இருப்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போகலாம். நஷ்டம் எனக்கில்லை.

1926இல் புத்தகமாக வந்த அகதா கிறிஸ்டியின் நாவல் அது. கிங்ஸ் அபட் என்ற கிராமம். கதையைச் சொல்பவர் அந்த ஊர் டாக்டர் ஷெப்பர்ட். கொன்றவரும் அவரே. படித்தவர்கள் எல்லோரும் முதல் தடவை ஏமாந்த இடம் இது. இப்படி எழுதுவது அழுகுணி ஆட்டம் என்று அந்த நாளிலேயே சிலர் சண்டைக்கு வந்தார்கள். எல்லாரையும் சந்தேகப்படுவது வாசகர் வேலை என்று டாரதி சேயர்ஸ் கிறிஸ்டிக்காக வாதாடினார். இந்தச் சண்டையில் இரண்டு தரப்புமே முதல் வாசிப்பைப் பற்றித்தான் பேசியது. எனக்கு அந்த நாவல் இரண்டாம் வாசிப்பில்தான் திறந்தது.

அக்ராய்டின் அறைக்கு ஒரு கடிதம் எட்டு நாற்பதுக்கு வருகிறது. டாக்டர் எட்டு ஐம்பதுக்கு வெளியேறுகிறார். இரண்டு நேரத்தையும் அவரே பக்கத்துப் பக்கத்தில் எழுதுகிறார். நடுவில் உள்ள பத்து நிமிடம் பற்றிப் பேச்சே இல்லை. கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, ஏதாவது மிச்சம் வைத்துவிட்டோமா என்று ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறார். முதல் தடவை படிக்கும்போது இது நோயாளியைப் பற்றிக் கவலைப்படும் ஒரு நல்ல டாக்டரின் தயக்கம். தெரிந்த பிறகு படித்தால் கை நடுங்குகிறது. அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை! கடைசி அத்தியாயத்தில் அவரே அந்த இடத்தைக் குறிப்பிட்டு, எவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறேன் பார் என்று பெருமைப்பட்டுக்கொள்வார். பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு தன் எழுத்து நடையை மெச்சிக்கொள்ளும் மனிதன்! எழுதுகிறவர்களின் கர்வத்தை இதைவிடக் கொடூரமாகக் கேலி செய்த இடம் என் ஞாபகத்தில் இல்லை.

அப்புறம் அக்கா கேரலைன். ஊர் வம்பெல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே சேகரிக்கிற கிழவி. பிற்பாடு வந்த மிஸ் மார்ப்பிளுக்கு இவளே வித்து என்று கிறிஸ்டி தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். முதல் வாசிப்பில் அக்கா தம்பி பேச்சு வெறும் சிரிப்பு. இரண்டாம் வாசிப்பில், ஊரில் யார் எங்கே போனார் என்பதெல்லாம் அத்துப்படியாக வைத்திருக்கும் ஒருத்தி, தன் சாப்பாட்டு மேஜைக்கு எதிரில் இருப்பவனை மட்டும் பார்க்கவில்லை. தம்பி பலவீனமான சுபாவம் உள்ளவன் என்று ஒரு இடத்தில் அவளே சொல்லியும் விடுகிறாள். சொன்னதன் பொருள் அவளுக்கே எட்டவில்லை. கடைசியில் துப்பறிவாளர் பொய்ரோ ஷெப்பர்டுக்குக் காட்டும் வழியும், ஷெப்பர்ட் அதை ஏற்பதும் இவள் ஒருத்திக்கு உண்மை தெரியக் கூடாது என்பதற்காகவும்தான். கொலைகாரன் பெயரை மறைத்து வைத்துப் படிக்கிற வரையில் இந்த அக்கா தம்பி கதை நம் கண்ணில் படவே படாது. அந்தப் பெயரே மறைக்கும் திரையாக நிற்கிறது.

ஒரு துப்பு கிடைக்காமலே போனாலும் நாவல் நிற்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' 1939இல் வந்தது. அதில் ஸ்டெர்ன்வுட் வீட்டு டிரைவர் காரோடு கடலில் கிடக்கிறான். அதைப் படமாக்கியபோது, அவனைக் கொன்றது யார் அல்லது அவனே விழுந்தானா என்று யாருக்கும் விளங்காமல் சாண்ட்லரையே கேட்டார்கள். தனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டார். படமும் ஓடியது, நாவலும் இன்றுவரை அச்சில் இருக்கிறது. டிரைவருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று எவரும் புத்தகத்தை வீசவில்லை. கடைசிப் பக்கம் கிழிந்திருந்தாலும் படிக்கத் தோன்றுவதுதான் நல்ல மர்மக் கதை என்று பிற்பாடு சாண்ட்லரே எழுதினார். லாஸ் ஏஞ்சலஸின் மழையையும் பணக்கார வீடுகளின் அழுகலையும் துப்பறிவாளன் மார்லோவின் கசப்பான பேச்சையும் தேடித்தான் நாம் அவரிடம் திரும்பப் போகிறோம்.

நம் பக்கமும் இதே கதைதான். சுஜாதாவின் கணேஷ் வசந்த் கதைகளை ரசித்துப் படித்த யாரையாவது பிடித்து, இன்ன நாவலில் கொலை செய்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள். வசந்த் அடித்த ஜோக்கும், அதற்கு கணேஷ் போட்ட அதட்டலும் மட்டும் அச்சுப் பிசகாமல் வரும். தேவனின் துப்பறியும் சாம்புவில் குற்றவாளி யார் என்பது கடைசிக் கவலை. பேங்க் குமாஸ்தாவாக இருந்த அந்த அசடு, துப்பே துலக்காமல் அதிர்ஷ்டத்தால் பேர் வாங்குகிறது, இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதை என்று நம்புகிறார், மனைவி வேம்பு பெருமைப்படுகிறாள். இதில் எந்த முடிவைப் போட்டு உடைத்து எதைக் கெடுக்க முடியும்?

பெயர்தான் எல்லாம் என்ற இந்த நம்பிக்கையால் நமக்கு நிஜமாகவே நஷ்டம் வந்திருக்கிறது. மாத நாவல்கள் நூற்றுக்கணக்கில் அச்சான நாட்டில் அவற்றைப் பத்திரப்படுத்தியவர்கள் மிகக் குறைவு. படித்தாயிற்று, யார் என்று தெரிந்தாயிற்று, எடைக்குப் போடு. பொது நூலகம் பைண்டு பண்ணி வைக்காது. விமர்சகர் தொட மாட்டார். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் போன்றவர்களின் கதைகளை 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தொகுத்துக் கொண்டுவந்தது. ஆனால் அது ஆங்கில மொழிபெயர்ப்பு. நாம் எடைக்குப் போட்டதை இங்கிலீஷ் வாசகர் காசு கொடுத்து அலமாரியில் வைத்தார்.

எழுதுகிறவர்களும் தப்பவில்லை. முடிவுதான் எல்லாம் என்றால், எழுதுபவர் தன் உழைப்பு முழுவதையும் கடைசி ஐந்து பக்கத்தில் கொட்டுவார். இரட்டைப் பிறவி, செத்தவன் சாகவில்லை, நல்லவன்தான் கெட்டவன் என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பங்கள். இப்போது வெப் சீரிஸ்களிலும் அதுவேதான். எட்டாவது எபிசோடில் வருகிற திருப்பத்துக்காக ஏழு எபிசோடில் வருகிற மனிதர்களை அட்டையில் வெட்டி நிறுத்துகிறார்கள். அதைப் போய் "யார்னு சொல்லிடாதீங்க" என்று நாம் காவல் காக்கிறோம்.

2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். துப்பறியும் கதைகள் உட்பட 12 சிறுகதைகளைச் சிலருக்கு முடிவைச் சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே சற்றுக் கூடுதலாக ரசித்ததாகச் சொன்னார்கள். பின்னால் வந்த வேறு ஆய்வுகள் எதிர்மாறாகவும் சொல்லியிருக்கின்றன. ஆகவே இதை நான் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. கிறிஸ்டியின் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலை 1934இல் வந்தது; அதன் முடிவு உலகறிந்த ரகசியம். 2017இல் கென்னத் பிரானா அதை மறுபடி படமாக எடுத்தபோது உலகெங்கும் 35 கோடி டாலருக்கு மேல் வசூலானது. எனக்கு இந்தக் கணக்கு போதும்.

முதல் தடவை தெரியாமல் படிக்கும் சுகம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தத் திடுக்கிடல் ஒரு புத்தகத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கும்; அதைப் பக்கத்து சீட்டுக்காரரிடமிருந்து பிடுங்குவது அற்பத்தனம். பென்சில்காரனை நான் மன்னிக்கப் போவதுமில்லை. ஆனால் அவன் கெடுத்தது ஒரு மாலைப் பொழுதைத்தான். பெயர் தெரிந்ததும் புத்தகத்தை மூடியவர் மிச்சம் முழுவதையும் தானே கெடுத்துக்கொண்டார்.

வீட்டில் எப்போதோ படித்த துப்பறியும் நாவல் ஒன்றாவது கிடக்கும். கொன்றவர் யார் என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு, முதல் பக்கத்திலிருந்து அவரை மட்டும் விடாமல் கவனித்துப் படியுங்கள். எங்கே சிரிக்கிறார், எப்போது பேச்சை மாற்றுகிறார், யார் வீட்டில் காபி குடிக்கிறார் என்று பாருங்கள். ஐம்பது பக்கத்துக்குள் அலுத்துப்போனால் தாராளமாக எடைக்குப் போடுங்கள். அந்தப் புத்தகம் முதல் தடவையும் உங்களுக்கு ஒன்றும் தரவில்லை.