நிவாரணமும் அரிசி விலையும்

மன்னார்த் தீவில் நெல் வயல்கள் இல்லையென்றே கூறலாம். கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் நெல், பெருநிலப்பரப்பிலுள்ள முருங்கன், நானாட்டான் பகுதிகளிலேயே அறுவடையாகின்றது. தீவின் பேசாலையில் கடற்றொழிலை நம்பி வாழும் குடும்பமோ, உண்ணும் ஒவ்வொரு பிடி அரிசியையும் கடையில் காசு கொடுத்தே வாங்க வேண்டியுள்ளது. அரசாங்கத்தின் வறுமை நிவாரணம் ஏழையின் அடுப்புவரை சென்றடைகின்றதா என்பதை அறிய விரும்புவோர் இத்தகைய ஊரிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942 இல், ஆரம்பிக்கப்பட்ட கூப்பன் அரிசி இந்நாட்டில் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களுக்கும் உரியதாக இருந்தது. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு ஸ்தம்பித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறக்க நேரிட்டது. 1978 இல் வருமான எல்லை வகுக்கப்பட்டு, 1979 இல் அரிசிக்குப் பதிலாகக் குறித்த ரூபாப் பெறுமதியுடைய உணவு முத்திரைகள் வழங்கப்பட்டன. விலைவாசி ஏறியது, முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் உண்மைப் பெறுமதி ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. அரிசியாகக் கொடுத்த காலத்தில் விலையேற்றத்தின் சுமை அரசாங்கத்தின் தோளில் இருந்தது. முத்திரையாக மாறியதும் அச்சுமை ஓசையின்றி ஏழையின் தோளுக்கு இடம் மாறியது. இம்முறை ஹர்த்தால் எதுவும் நிகழவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இந்த அனுபவத்தை மன்னார் முஸ்லிம்கள் நன்கறிவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்தவர்களுக்கு உலருணவு நிவாரணம் வழங்கப்பட்டது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா என்ற அளவு, விலைகள் எத்தனையோ மடங்கு ஏறிய பின்னரும் பல ஆண்டுகள் மாற்றமின்றித் தொடர்ந்தது. 2009 இல் யுத்தம் முடிந்து மீளத் திரும்ப முயன்றபோது வேறொரு சிக்கல் முளைத்தது. பதிவைப் புத்தளத்தில் வைத்திருப்பதா, மன்னாருக்கு மாற்றுவதா? இரண்டு ஊர்களிலும் கால் வைத்து வாழும் குடும்பத்தை எந்தக் கிராம அலுவலரின் பட்டியலில் சேர்ப்பது? பசி ஓர் ஊரிலும் பெயர் மற்றோர் ஊரிலும் இருக்கும்போது நிவாரணம் இரண்டுக்கும் நடுவே நின்றுவிடுகின்றது.

1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி ஆகியவற்றைத் தொடர்ந்து 2023 ஜூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 அளவுகோல்கள் கொண்டு குடும்பங்கள் தரப்படுத்தப்பட்டன. அரசியல்வாதியின் சிபாரிசுக்கு இடமில்லாத முறை என்ற வகையில் இது வரவேற்கத்தக்கதே. எனினும் முதலாவது பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தமை அளவுகோல்களின் மீதே கேள்வி எழுப்பியது.

பேசாலை மீனவரை எடுத்துக்கொள்வோம். கடனுக்கு வாங்கிய படகும் இயந்திரமும் கடதாசியில் சொத்தாகவே தோன்றும். முற்பணம் கொடுத்த முதலாளிக்குக் குறைந்த விலையில் மீனைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அங்கே தெரியாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது அதே படகு கரையிலே கிடந்தது. இந்திய இழுவைப் படகுகள் வரும் இரவுகளில் வலையை இழக்க அஞ்சித் தொழிலுக்குச் செல்லாதோரும் உளர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வருமானமே இல்லை. ஒரு நாளில் எடுக்கப்படும் கணக்கெடுப்பு இந்த ஏற்ற இறக்கத்தை எவ்வாறு அறியும்?

பட்டியலுக்குள் வந்தவரின் நிலையையும் பார்ப்போம். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வறியோருக்கான மாதக் கொடுப்பனவு 8,500 ரூபா என அதன் பின்னரே வகுக்கப்பட்டு, 2025 ஜனவரியில் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசாங்கம் விதித்த உச்ச விலை கிலோ 230 ரூபா. அவ்விலையில் 10,000 ரூபாவுக்கு 43 கிலோ அரிசி கிடைக்கும். ஐவர் கொண்ட குடும்பத்தின் ஒரு மாதச் சோற்றுக்கு அது சற்றேறக்குறையப் போதும். மரக்கறிக்கும், பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கும், மருந்துக்கும் எஞ்சுவது எதுவுமில்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. இந்திய மத்திய அரசு 1997 இல் வறுமைக்கோட்டின்படி மக்களைப் பிரித்தபோது, தமிழ்நாடு அனைவருக்குமான பொது விநியோகத்தைக் கைவிடவில்லை. 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைதாரருக்கு அரிசி இலவசமாகவே வழங்கப்படுகின்றது. கடத்தலும் தரக்குறைவும் அங்கே இல்லாமலில்லை. வசதியுள்ளோரும் பயனடைகின்றனர் என்ற குறையும் உண்டு. ஆயினும் ஏழை விடுபட்டுப்போவது குறைவு. படகேறி இராமேஸ்வரம் சென்ற நம்மவர்களுக்கே அங்குள்ள முகாம்களில் நெடுங்காலம் கிலோ 57 பைசாவுக்கு அரிசி கிடைத்தது. 2022 மார்ச்சில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குழந்தைகளுடன் மீண்டும் அக்கரைக்குப் புறப்பட்டவர்களைத் துரத்தியது யுத்தமன்று, விலைவாசியே.

சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளுக்கு நடுவே எல்லோருக்கும் அரிசி வழங்கும் பழைய காலத்துக்குத் திரும்புவது இன்றைய திறைசேரிக்கு இயலாத காரியம். ஆனால் கொடுப்பனவை அரிசி விலையோடு பிணைத்து ஆண்டுதோறும் திருத்துவதற்கு எவரது அனுமதியும் தேவையில்லை. கடலுக்குச் செல்ல முடியாத மாதங்களில் பேசாலை போன்ற கரையோரக் கிராமங்களுக்கு ஒரு பங்கையேனும் அரிசியாகவே கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் வழங்கலாம். நெல் சந்தைப்படுத்தும் சபை இதே மாவட்டத்தில் கொள்வனவு செய்யும் நெல்லைக் குற்றி, பாலத்தைக் கடந்து தீவுக்கு அனுப்புவது பெரிய காரியமன்று. அடுத்த கணக்கெடுப்புக்கு முன்னராவது, படகைச் சொத்தாகக் கொள்வதா, கடனாகக் கொள்வதா என்பதை நலன்புரி நன்மைகள் சபை தீர்மானிக்கட்டும்.