குற்றவாளி கணிப்பொறிதானா?

பள்ளியின் கணிப்பொறி அறையில் உங்களுக்கு இந்த அனுபவம் ஏற்பட்டிருக்கும். ஒரு பட்டியலைத் திறக்கப் பொத்தானை அழுத்துகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்துகிறீர்கள். மவுசின் அம்புக்குறி சுழலும் வட்டமாக மாறுகிறது. சிறிது நேரத்தில் சன்னல் வெளிறிப்போய், 'பதிலளிக்கவில்லை' என்ற அறிவிப்பு அதன் தலைப்பில் தோன்றுகிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறார்: "இது பழைய கணிப்பொறி. புதிது வாங்கினால்தான் சரிப்படும்."

விசாரணை இல்லாமல் வழங்கப்படும் இந்தத் தீர்ப்பு பல சமயங்களில் தவறானது என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கணிப்பொறியின் செயலி 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குவதாகக் கொள்வோம். அதாவது, அதன் கடிகாரம் வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. ஒரு பட்டியல் திறக்க 5 வினாடி ஆனால், அதற்குள் 1,500 கோடி துடிப்புகள் கழிந்துவிடுகின்றன. திரையில் பத்து வரிகளை எழுதிக் காட்ட இத்தனை துடிப்புகள் தேவையா? நிச்சயமாக இல்லை. அப்படியானால் அந்த நேரம் எங்கே போயிற்று?

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரே ஒருவர்தான். வந்தவருக்குப் பதில் சொல்வதும், எடை போடுவதும், காசு வாங்குவதும் அவரே. ஒருவர் ஒரு மூட்டை அரிசி கேட்கிறார். கடைக்காரர் பின்பக்கம் உள்ள கிடங்குக்குப் போய்விடுகிறார். தீப்பெட்டி வாங்க வந்த சிறுவன் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் பதில் வராது. கடையில் ஆளே இல்லை என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

சன்னல்களும் பொத்தான்களும் கொண்ட நிரல்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமைந்துள்ளன. ஒரு நிரல் பல வேலைகளை ஒருங்கே செய்ய 'இழைகள்' உண்டு. ஆனால் விசைப்பலகையைக் கவனிப்பது, மவுசின் அசைவை உணர்வது, திரையை வரைவது ஆகிய மூன்றும் வழக்கமாக ஒரே இழையின் பொறுப்பு. அதை முதன்மை இழை என்பார்கள். நீங்கள் செய்யும் செயல் ஒவ்வொன்றும் ஒரு செய்தியாக வரிசையில் வந்து நிற்கும். முதன்மை இழை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும். சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால், ஒரு முறைக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லி வினாடிதான்.

இந்த இழையையே ஒரு பெரிய கோப்பைப் படிக்கவோ, இணையத்திலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கவோ அனுப்பினால் என்ன ஆகும்? கடைக்காரர் கிடங்குக்குப் போன கதைதான். வரிசையில் உள்ள செய்திகளை ஒரு சன்னல் 5 வினாடி வரை கவனிக்காவிட்டால், அது 'பதிலளிக்கவில்லை' என்று விண்டோஸ் முடிவு செய்துவிடுகிறது. செயலி வேலையின்றிச் சும்மா இருக்கும்போதும் இது நேரலாம்! கிடங்கு வேலைக்கு இன்னோர் ஆளை வைப்பதே, அதாவது அந்த வேலையை வேறோர் இழையிடம் ஒப்படைப்பதே, இதற்குப் பரிகாரம். நிரல் எழுதுவோர் அனைவரும் அறிந்த பரிகாரம்தான் இது. ஆனாலும் பல நிரல்களில் அது செய்யப்படுவதில்லை.

மனிதர் எவ்வளவு தாமதத்தைப் பொறுப்பார் என்பதும் புதிய கேள்வி அல்ல. ராபர்ட் மில்லர் என்ற ஆய்வாளர் 1968இலேயே இதைப் பற்றி எழுதினார். விசையை அழுத்தியதற்கான அறிகுறி பத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அவர் வகுத்த அளவுகளில் ஒன்று. 1993இல் ஜேக்கப் நீல்சன் என்பவர் இதை மேலும் எளிமையாக்கினார். ஒரு வினாடியைத் தாண்டினால் எண்ண ஓட்டம் தடைப்படும்; பத்து வினாடியைத் தாண்டினால் கவனமே வேறு பக்கம் போய்விடும் என்றார். கணிப்பொறிகள் அதன் பின்னர் பல மடங்கு வேகம் பெற்றுவிட்டன. ஆனால் மனிதரின் பொறுமைக்கான அளவு மாறவில்லை.

தாமதத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை உங்கள் கணக்குப் பாடத்தைக் கொண்டே விளக்கலாம். ஒரு நிரல் பெயர்ப் பட்டியல் ஒன்றில் ஒரே பெயர் இருமுறை வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெயரையும் அதற்கு முன்னுள்ள எல்லாப் பெயர்களோடும் ஒப்பிடுவது எளிய வழி. 100 பெயர்கள் இருந்தால் 1 முதல் 99 வரையிலான எண்களின் கூட்டுத்தொகை, அதாவது 4,950 ஒப்பீடுகள் தேவை. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். எழுதியவரும் நூறு பெயர்களை வைத்துச் சோதித்துவிட்டு மகிழ்ச்சியோடு நிரலை வெளியிடுகிறார். ஆனால் ஓர் அலுவலகத்தில் 20,000 பெயர்கள் இருந்தால்? 19 கோடியே 99 லட்சத்து 90 ஆயிரம் ஒப்பீடுகள்! பெயர்கள் 200 மடங்கு கூடின. வேலையோ 40,000 மடங்குக்கும் மேல் கூடிவிட்டது.

இதே பெயர்களை முதலில் அகர வரிசைப்படுத்தினால், ஒரே பெயர்கள் அடுத்தடுத்து வந்து நின்றுவிடும். நல்ல முறையில் வரிசைப்படுத்த ஏறத்தாழ 3 லட்சம் ஒப்பீடுகள் போதும். கணிப்பொறி அதேதான், வழி மாறியது, அவ்வளவுதான். இரண்டு மடங்கு வேகமுள்ள கணிப்பொறியை வாங்கியிருந்தால் காத்திருக்கும் நேரம் பாதியாகத்தான் குறைந்திருக்கும்.

விலை உயர்ந்த கணிப்பொறியும் இதற்கு விலக்கல்ல என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. 2017இல் கூகிள் நிறுவனப் பொறியாளர் புரூஸ் டாசன், தம் கணிப்பொறியில் மவுசைக்கூட நகர்த்த முடியவில்லை என்று எழுதினார். அது 24 கோர்களும் 64 ஜிபி நினைவகமும் கொண்ட கணிப்பொறி. மவுஸ் திணறிய வேளையில் செயலியின் பாதித் திறன் சும்மா கிடந்தது. நினைவகத்திலும் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அவர் விண்டோஸ் 10இன் இயக்கத்தைப் பதிவு செய்து ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். ஏராளமான சிறு நிரல்கள் வேலை முடிந்து வெளியேறும்போது, ஒவ்வொன்றும் ஒரே ஒரு 'பூட்டை'ப் பெறுவதற்காக வரிசையில் நின்றது. சன்னல்களையும் மவுசையும் கவனிக்கும் பகுதிக்கும் அதே பூட்டு தேவைப்பட்டது. 24 மாடுகளைப் பூட்டினாலும் வண்டி போக ஒற்றையடிப் பாதைதான் என்றால் என்ன பயன்?

பாஸ்கல் மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் எவ்வளவு விரைவாக வேகம் பெறுகிறதோ, அதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகி வருகிறது என்று அதில் அவர் வருந்தினார். வேகம் தாராளமாகக் கிடைக்கும்போது அதைச் சிக்கனமாகச் செலவிட யாருக்கும் தோன்றுவதில்லை. எழுதுபவர் மிச்சம் பிடிக்கும் ஒரு நாள் உழைப்புக்கான விலையை, ஆயிரக்கணக்கானோர் தினமும் காத்திருந்து செலுத்துகிறார்கள். இது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நியாயத்தைப் பேசும்போது மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சில வேளைகளில் குற்றம் கணிப்பொறியுடையதாகவே இருக்கும். நினைவகம் போதாவிட்டால், கணிப்பொறி தகவல்களை வட்டுக்கு அனுப்புவதும் திரும்பப் பெறுவதுமாகத் திண்டாடும். அப்போது நினைவகத்தைக் கூட்டுவதே சரியான வைத்தியம். வட்டு பழுதாகியும் இருக்கலாம். எது காரணம் என்பதை ஊகித்துச் சொல்லக் கூடாது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

அளப்பது கடினம் அல்ல. விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். நிரல் திணறும் வேளையில் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் சதவீதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நினைவகம் நிரம்பி வழிந்தால் ஒரு விடை கிடைத்துவிட்டது. ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைச் செய்யக்கூடிய செயலியின் பயன்பாடு 25 சதவீதத்தை ஒட்டியே நின்றால், ஓர் இழை மட்டும் முழு மூச்சாக உழைக்கிறது, மற்ற மூன்று கோர்களும் வேடிக்கை பார்க்கின்றன என்று ஊகிக்கலாம். எல்லாமே குறைவாக இருந்தும் சன்னல் அசையாவிட்டால், நிரல் எதற்காகவோ காத்துக் கிடக்கிறது என்று பொருள்.

உங்களில் பலர் நாளை நிரல்கள் எழுதப் போகிறீர்கள். அப்போதும் முதலில் அளந்து பாருங்கள். டொனால்டு குனுத் என்ற அறிஞர் பல ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, 1971இல் முடிவை வெளியிட்டார். பொதுவாக ஒரு நிரலின் ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் செலவாவது, அதில் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில்தான் என்று அவர் கண்டார். அந்தச் சிறு பகுதியைக் கண்டுபிடித்துத் திருத்தினாலே பெரும்பயன் கிடைக்கும்.

இதில் காசு மட்டும் சம்பந்தப்படவில்லை. 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கு கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இன்னும் உழைக்கக்கூடிய கணிப்பொறியை, யாரோ எழுதிய நிரலின் குறைக்காக அந்தக் குவியலில் சேர்ப்பது சரிதானா?

ஆகவே, அடுத்த முறை உங்கள் பள்ளியில் ஒரு கணிப்பொறி திணறும்போது அதற்கு உடனே தண்டனை வழங்கிவிடாதீர்கள். அளந்து பார்த்து, கண்டதை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். குற்றம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு தீர்ப்பு வழங்கலாம்.